ஆறுவிரல் அக்காவும் விழுங்குகிற கீபோர்டும்

ஆறுவிரல் அக்கா என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் அவள் கையைத்தான் பார்ப்பார்கள். எண்ணிப் பார்த்துவிட்டு, கைக்கு ஐந்துதானே இருக்கிறது என்று ஏமாந்து போவார்கள். எல்லோருக்கும் அளந்து கொடுத்த அதே பத்துதான் அவளுக்கும். ஆனால் அந்தப் பத்தில் ஆறை வைத்துக்கொண்டு அவள் பத்தொன்பது வருஷமாகச் செய்கிற வேலையைப் பார்த்தால், பெயர் வைத்தவன் ஒன்றும் தப்பாக வைத்துவிடவில்லை என்று புரியும்.

பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற பிரெயில் பாடப்புத்தகங்கள் தயாராகும் அலுவலகம் அது. அச்சுப் புத்தகத்தை ஒரு குரல் காதில் வாசிக்க வாசிக்க, தட்டச்சு அறையில் அதைப் புள்ளி எழுத்தாக மாற்றி அடிப்பார்கள். அந்தக் குரலுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்று, விழுகிற எழுத்தைச் சொல்லும் கணினியின் வாயை அப்போது அடைத்து வைத்திருப்பார்கள். பிரெயிலில் எந்த எழுத்தும் ஆறு புள்ளிக்குள் அடங்கிவிடும். அதனால் இவர்களுக்குக் கீபோர்டில் நூற்றுச் சொச்சம் விசை இருந்தாலும் வேண்டியது என்னவோ ஆறுதான்: நடு வரிசையில் இடது கைக்கு ஒன்று, இரண்டு, மூன்றாம் புள்ளிகள்; வலது கைக்கு நாலு, ஐந்து, ஆறு. மற்றவர்கள் தட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தட்டினால் ஆகாது. எழுத்துக்கு உரிய புள்ளிகளை எல்லாம் ஒரே சமயத்தில் அழுத்தி, ஒரே சமயத்தில் எடுக்க வேண்டும். எடுத்த மறுகணம் எழுத்து விழும். ஆர்மோனியத்தில் நாலு கட்டையைச் சேர்த்துப் பிடிப்பவர்களுக்கு இந்தச் சங்கதி சொல்லாமலே விளங்கும்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை. பேசுவதெல்லாம் தன் பக்கங்களைப் பற்றித்தான். அவள் அடித்த பக்கத்தைத் தடவிப் பார்த்து, "உங்க பக்கம் வந்தா எனக்குச் சும்மா உக்காந்திருக்கிற சம்பளம்க்கா" என்று திருத்துநர் சொன்னதை வீட்டில், மாடிப்படியில், பேருந்து நிறுத்தத்தில் என்று ஓரிடம் விடாமல் சொல்லியாகிவிட்டது. தலைக்கனம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இருக்கட்டுமே! பத்தொன்பது வருஷம் பிசகாமல் அடித்தவளுக்குத் தலையில் கொஞ்சம் கனம் இருந்தால் யார் குடி முழுகிவிடும்?

அப்பேர்ப்பட்டவளுடைய பக்கத்தில்தான் தப்பு வரத் தொடங்கியது.

"அக்கா, இது நீங்க அடிச்சதா?" திருத்துநர் அவள் மேசைக்கே வந்து, பக்கத்தை அவள் விரலுக்கடியில் வைத்தார். அவரும் பார்வையில்லாதவர். தப்பு அவர் விரலில் முள்ளாகக் குத்தும். "ப வர வேண்டிய இடத்துல ல நிக்குது பாருங்க. இங்க த இருக்கணும், என்னமோ இருக்கு. ஒரு பக்கத்துல மட்டும் முப்பது."

அவள் தடவிப் பார்த்தாள். முப்பதும் இருந்தன. காது மடல் சூடாகிவிட்டது.

மறுநாள் நிதானமாக அடித்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் நிதானம். தப்பு குறையவே இல்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, "கீபோர்டுதான் சார் கோளாறு. போன வாரம் புதுசு மாத்துனதுலேருந்துதான் இப்படி" என்றாள்.

மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் முத்திரை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்திக் கொடுக்கும் மனிதர். கண் நன்றாகத் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் அதிகம். வந்து நின்று, ஆட்காட்டி விரலால் ஆறு விசையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஆறும் திரையில் விழுந்தன. கணினியும் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொன்னது. மீதி விசைகளையும் விடாமல் அழுத்தினார். ஒன்றுகூடச் சோடை போகவில்லை.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. இதே கீபோர்டுதானே கடைசி மேசைக்காரருக்கும் குடுத்திருக்கோம்? அவர் ஒண்ணும் சொல்லலையே."

கடைசி மேசைக்காரர் பெயரைச் சொன்னதும் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த மனிதர் அடிக்கும் சத்தம் அவளுக்கு அறை முழுக்கக் கேட்கும். பேருந்திலிருந்து இறங்கும் கூட்டம்போல அவர் விரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். அவரோடு தன்னை ஒப்பிட்டதைவிட இரண்டு வசவு வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை காலை முத்திரை மறுபடியும் வந்தார். குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

"ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள போயாகணும்மா. திங்கக்கிழமையிலேருந்து நீங்க ஃபோன் மேசைக்குப் போயிடுங்க. வயசாகுதுல்ல, விரல் தளருறது சகஜம்தானே."

"சார், எனக்கு நாப்பத்தஞ்சுதான் ஆகுது."

"பக்கத்து மேசையம்மாவும் வயசாகலன்னுதான் சொன்னாங்க. அப்ப நீங்கதானே சொன்னீங்க, அவங்க விரல்ல பிடிப்பு விட்டுப்போச்சுன்னு?"

சொன்னாள்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் புதுக் கீபோர்டு வந்தது பக்கத்து மேசைக்காரிக்குத்தான். பதினாறு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்தவள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவள். அவள் பக்கத்தில் தப்பு விழ ஆரம்பித்ததும் முத்திரை அக்காவிடம் வந்து அபிப்பிராயம் கேட்டார். பெரிய மனுஷியாக மதித்துக் கேட்கிறாரே என்ற குளிர்ச்சியில், "விரல்ல பிடிப்பு விட்டுப்போச்சு சார்" என்று இவளும் தீர்ப்பு எழுதிவிட்டாள். பேசவே மாட்டாத அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்த் தொலைபேசியில் உட்கார வைத்தார்கள். இப்போது அதே தீர்ப்பு வார்த்தை மாறாமல் இவள் பக்கம் திரும்பியிருந்தது.

அன்று முழுக்க அக்கா பாடம் அடிக்கவில்லை. கணினியைப் பேசவிட்டு, ஒவ்வொரு எழுத்தையும் இருபது தடவை அடித்து, எது பிழைக்கிறது எது விழுகிறது என்று மனசுக்குள் பட்டியல் போட்டாள். கை நடுக்கம் என்றால் எல்லா எழுத்திலும் நடுங்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. க இருபதுக்கு இருபது சரி. ம இருபதுக்கு இருபது. ஆனால் ப ஏழெட்டுத் தடவை பல்லிளித்தது. த அதைவிட மோசம். ற சொல்லவே வேண்டாம். மதியத்துக்குள் அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து ஆகிய நாலு புள்ளிகளில் எந்த மூன்று ஒரு எழுத்தில் ஒன்றாக வந்தாலும் அந்த எழுத்தில்தான் தப்பு. இரண்டு வரைக்கும் பாதகமில்லை. மூன்றாவது சேரும்போது ஏதோ ஒன்று காணாமல் போகிறது.

போகும்போது குப்பைப் பெட்டிக்குள் கையை விட்டாள். கடைசி மேசைக்காரர் தேநீரைக் கொட்டிப் பாழாக்கிய புதுக் கீபோர்டு ஒன்று அதில் கிடந்தது. அதைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும், சமையலறை மேசையைத் துடைத்துவிட்டுக் கீபோர்டை அவர் முன்னால் வைத்தாள்.

"இதைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்னைக்கும் மேடம் வேலை வாங்கணுமா?"

"வாங்குவேன். திங்கக்கிழமை என் நாற்காலி போயிடும்."

அவர் எழுந்து திருப்புளியை எடுத்து வந்தார். திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே கம்பிக் காடு இருக்கும் என்று நினைத்திருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின்மேல் மையால் இழுத்தது போலக் கோடுகள், அவ்வளவுதான்.

"அட, கில்லாடிங்க! நூத்திச் சொச்சம் கீக்கு நூத்திச் சொச்சம் வயர் இழுக்கல. மேல் தாள்ல நெடுக்கா பதினெட்டு கோடு, கீழ்த் தாள்ல குறுக்கா எட்டு கோடு. ஒரு கீயை அழுத்துனா ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் அந்த எடத்துல தொட்டுக்கும். எந்தத் தெருவும் எந்தக் குறுக்குத் தெருவும்னு தெரிஞ்சா எந்த வீடுன்னு தெரிஞ்சிடும்ல, அந்த மாதிரி."

அவள் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தார். மயிரிழைத் தடிப்புத்தான். ஆனால் பிரெயில் படித்த விரலுக்கு அதுவே தாராளம். ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டே போனாள். பலகையின் மேலே அக்கம்பக்கத்தில் இருக்கும் விசைகள் உள்ளே வெவ்வேறு தெருவில் குடியிருந்தன. அவளுடைய நாலு விசைகளும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பிடித்தாள். இரண்டு நெடுக்குத் தெரு, இரண்டு குறுக்குத் தெரு, அவை சந்திக்கும் நாலு முக்கு. நாலு முக்கிலும் அவளுடைய நாலு புள்ளிகள் உட்கார்ந்திருந்தன.

"உங்க பீப்பு மெஷினை எடுங்க" என்றாள்.

இரண்டு முனைக்கு நடுவே மின்சாரம் போக வழி இருந்தால் கீச்சென்று கத்தும் சோதனைக் கருவி அது. அவர் அதன் இரண்டு முனைகளையும் ஐந்தாம் புள்ளியின் இரண்டு கோடுகளில் வைத்தார். அவள் ஒன்றாம் புள்ளியை அழுத்தினாள். சத்தமில்லை. இரண்டாம் புள்ளியையும் சேர்த்தாள். சத்தமில்லை. நாலாம் புள்ளியையும் சேர்த்து அழுத்தினாள்.

கருவி கீச்சென்று கத்தியது.

"அஞ்சை நான் தொடவே இல்லீங்க!"

"நீ தொடல. ஆனா கரண்டு சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. மூணு முக்கும் திறந்திருக்குல்ல, இப்படி ஏறி, அப்படித் திரும்பி, இதுல இறங்கி வந்துடுச்சு. கீபோர்டுக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அது ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை ஒவ்வொரு தெருவாப் போய், யாராவது அழுத்துறீங்களான்னு ஆஜர் எடுக்கும். மூணு முக்கை அழுத்துனா, அதுக்கு நாலாவது முக்கும் ஆஜர்னு கேக்கும். எது நெசம், எது பொய்னு அதுக்குத் தெரியாது. எதுக்கு வம்புன்னு கடைசியா வந்த கீயை விழுங்கிடும்."

"சில கீபோர்டுல இந்தக் கோளாறு இல்லையே. என் பழைய கீபோர்டு பதினோரு வருஷம் உழைச்சுதே?"

"அதுல கீக்குக் கீ ஒரு டையோடு வெச்சிருப்பான். கரண்டை ஒரு பக்கமா மட்டும்தான் விடும், திரும்பி வர விடாது. அப்ப சுத்துவழியே இருக்காது, பத்து விரலையும் அழுத்துனாலும் பத்தும் விழும். இது மலிவு சரக்கு. ஒவ்வொண்ணா அடிக்கிறவங்களுக்குச் செஞ்சது."

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கை குற்றவாளி இல்லை என்ற நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. ஆனாலும் மனசுக்குள் ஒன்று முரண்டு பிடித்தது. அப்படியானால் கடைசி மேசைக்காரருக்கு ஏன் தப்பு விழவில்லை?

கீபோர்டைத் திரும்பப் பூட்டச் சொல்லி, எடுத்துப் போய் வீட்டுக் கணினியில் மாட்டினாள். தேநீரில் செத்தவை ஓரத்து விசைகள்தான். ப அடித்தாள், விழுந்தது ல. பிறகு, அந்த மனிதரைப் போலவே, வேண்டுமென்றே அலங்கோலமாக அடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ப சுத்தமாக விழுந்தது. இன்னொரு தடவை செய்தாள், அப்போதும் ப.

விஷயம் அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு விரல் முதலில் எழுந்துவிட்டால் சில்லுக்குக் குழப்பம் தீர்ந்துவிடும். தான் விழுங்கிய விசை இன்னும் அழுந்தியிருந்தால் அதைத் திருப்பிக் கக்கிவிடும்; கடைசி விரல் எழும்வரை வந்ததெல்லாம் அந்த எழுத்தில் சேர்ந்துகொள்ளும். ஆறு விரலையும் ஒரே மூச்சில் எடுக்கிறவர்கள் அதற்கு அவகாசமே கொடுப்பதில்லை. ஆக, எவ்வளவு ஒழுங்காக அடிக்கிறாயோ அவ்வளவு தப்பு. அரைகுறைக்குச் சன்மானம், கைதேர்ந்தவளுக்குத் தண்டனை!

"என்ன மேடம், ஜெயிச்சாச்சு, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றார் புருஷன்.

"அவளுக்கும் இதேதாங்க நடந்திருக்கு" என்றாள் அக்கா. "நான்தான் வாயைத் திறந்து அவ பொழப்பைக் கெடுத்துட்டேன்."

வெட்கமாக இருந்தது அவளுக்கு. அதை மறைக்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு, எந்த ஆறு விசையை எடுத்தால் எந்த மூன்றும் ஒரே கட்டத்தின் முக்குகளில் சேராது என்று புருஷனோடு உட்கார்ந்து தேடினாள். மறுபடி பிரித்த கீபோர்டில் பீப்புக் கருவி சாயங்காலம் வரைக்கும் கத்தி ஓய்ந்தது. வலது கையை ஒரு வரிசை மேலே ஏற்றிவிட்டால் போதும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னால் போய்த் தன் கணினியிலும் பக்கத்து மேசைக் கணினியிலும் புள்ளிகளுக்கான விசைகளை மாற்றி அமைத்தாள். முத்திரை உள்ளே வந்ததும், "சார், ஒரு நிமிஷம் உங்க விரலைக் கடன் குடுங்க" என்று கடைசி மேசைக்குக் கூட்டிப்போனாள். பிஸ்கட்டு மென்றுகொண்டிருந்த கடைசி மேசைக்காரர் எழுந்து வழிவிட்டார். திருத்துநரும் வந்து நின்றார்.

"புள்ளி எழுத்து வேணாம், சாதாரணப் பக்கத்தைத் திறங்க சார். இந்த ரெண்டையும் அழுத்திப் பிடிச்சுக்கங்க. விட்டுடாதீங்க. இப்ப மூணாவதா இதை அழுத்துங்க."

அழுத்தினார். கணினி வாயைத் திறக்கவில்லை.

"சரியா அழுத்தலையோ" என்று மறுபடியும் அழுத்தினார். மூன்றாம் தடவை கொஞ்சம் கோபமாகவே அழுத்தினார். அறையில் அந்த விசையின் சத்தம் கேட்டது, கணினியின் சத்தம் கேட்கவில்லை.

"இப்ப மத்த ரெண்டையும் எடுத்துட்டு, அதை மட்டும் அழுத்துங்க."

கணினி உடனே எழுத்தைச் சொன்னது.

முத்திரை அலமாரியிலிருந்து உறை பிரிக்காத இன்னொரு கீபோர்டை எடுத்து மாட்டிப் பார்த்தார். அதுவும் விழுங்கியது. அக்கா அவசரப்படாமல், தெருவும் குறுக்குத் தெருவும் ஆஜரும் எல்லாம் சொல்லி விளக்கினாள். "நீங்க ஒவ்வொரு கீயாச் சோதிச்சீங்க சார், அதான் எல்லாமே பாஸாயிடுச்சு. எங்க வேலை அப்படியில்லையே. சேர்த்து அழுத்துனாத்தான் எங்களுக்கு எழுத்து. எங்க கை தளரல. தளந்திருந்தா, இந்தக் கீபோர்டு எங்ககிட்ட இவ்வளவு தப்பைக் கொட்டியிருக்காது."

"அது எப்படிம்மா?"

விரல் எடுப்பதைப் பற்றியும் சொன்னாள். கடைசி மேசைக்காரர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, "அப்ப என்னோட கை மோசம்கிறீங்க" என்றார். "நானா சொல்றேன்? கீபோர்டு சொல்லுது" என்றாள் அக்கா. அவரே முதலில் சிரித்துவிட்டார்.

திருத்துநர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது கணக்குக்குச் சரியா வருதுக்கா. புதுக் கீபோர்டு வந்தப்புறம் நூறு எழுத்துக்கு இவருக்கு மூணு தப்பு. உங்களுக்கு ஒன்பது." கொஞ்சம் நிறுத்தினார். "பக்கத்து மேசையம்மாவுக்குப் பதினாலு."

அந்த எண்ணிக்கையின் அர்த்தம் அறையில் அக்காவுக்குத்தான் முதலில் உறைத்தது.

முத்திரை கனைத்துக்கொண்டார். "டையோடு வெச்ச கீபோர்டு வேணும்னு இன்னைக்கே எழுதி அனுப்புறேன். நீங்க உங்க எடத்துல உக்காருங்கம்மா. என் மேலதான் தப்பு."

"என் எடம் எங்க போயிடப் போகுது சார், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடையில் இறங்கினாள். சுவரைத் தொட்டபடி பதினெட்டு அடி, திரும்பினால் தொலைபேசி மேசை. பக்கத்து மேசைக்காரி யாருக்கோ புத்தகம் எப்போது வரும் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஃபோனை வைக்கும்வரை அக்கா நின்றாள்.

"உன் விரல்ல ஒரு குத்தமும் இல்லடி. கீபோர்டுதான் முழுங்கியிருக்கு. நான்தான் உன்னைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடு."

பக்கத்து மேசைக்காரி வழக்கமான அதே தாழ்ந்த குரலில், "என் கை தப்புப் பண்ணலன்னு எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "நீங்க சொல்லிட்டீங்கன்னதும்தான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

எந்த வசவும் அக்காவை இப்படித் தைத்ததில்லை. அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். இரண்டு பேரும் நடைக்கு வந்ததும் பின்னால் தொலைபேசி அடித்தது. "எடுங்க சார்!" என்று தட்டச்சு அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் அக்கா. முத்திரை ஓடிப்போய் எடுத்தார்.

பக்கத்து மேசைக்காரியை அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார வைத்து, விசை மாறியிருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தாள். "அடி. எது வேணும்னாலும் அடி."

அவள் ப அடித்தாள். த அடித்தாள். ற அடித்தாள். அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஐந்து விரல் விழும் எழுத்துக்கும் ஒரே ஒரு சத்தம். எடுக்கும்போதும் ஒரே ஒரு சத்தம். பக்கத்திலேயே பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தும் தன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டதால் இதை அவள் ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கணினி ஒவ்வொரு எழுத்தையும் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தது.

திரும்பி வந்த முத்திரையிடமும், திருத்துநரிடமும், கடைசி மேசைக்காரரிடமும் அக்கா நிமிர்ந்து நின்று சொன்னாள்: "நல்லாக் கேட்டுக்கங்க. இந்த ஆபீசுலயே சுத்தமான கை இவளோடது. என்னோடது ரெண்டாவது."

பத்தொன்பது வருஷத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம் அது. விட்டுக்கொடுத்துவிட்டு, தலையைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் தன் நாற்காலிக்குப் போய், ஒன்பதாம் வகுப்பு அறிவியலை விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.